இரண்டு காஃப்கள்

மதரஸாவில் சிறுவர்களுக்கு அரபு எழுத்து கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நம் மேசைமீது ஒரு பிரம்பு கிடந்தது. அதை எடுத்ததே இல்லை என்று இன்று எழுதிவிட ஆசைதான், ஆனால் எடுத்தோம். பெரும்பாலும் எடுத்தது இரண்டே எழுத்துக்களுக்காக. அடிநாக்கு அண்ணத்தின் கடைசியைத் தொடும்போது பிறக்கும் காஃப் ஒன்று. அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃப் மற்றொன்று. முன்னதைக் கொண்டு 'கல்பு' என்றால் இதயம். பின்னதைக் கொண்டு 'கல்பு' என்றால் நாய். இவ்வரியைப் படிக்கும்போதே வாசகர்களுக்கு நம் தொல்லை விளங்கியிருக்கும்: தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நாம் இதயம் என்று ஓதிக் காட்டுவோம். அவன் நாய் என்று ஓதுவான். மறுபடியும் ஓதிக் காட்டுவோம், மறுபடியும் நாய்தான். ஒரு நாள் அடிபட்ட உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "ஹஜ்ரத், நீங்க சொன்னதைத்தானே நானும் சொன்னேன்?" என்று கேட்டான். எதிர்ப்பேச்சு என்று எண்ணி இன்னுமொன்று கொடுத்தோம். அவன் சொன்னது முழு உண்மை என்பதை உணர நமக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவன் செவி அவனுக்கு அறிவித்ததையே அவன் நாவு சொல்லிற்று. நாமோ நாவைத் திருத்த முயன்றுகொண்டிருந்தோம்.

செவி எழுத்தொலியை எவ்வாறு பிரித்தறிகிறது, அந்த ஆற்றல் மனிதனுக்கு எப்போது வருகிறது, எப்போது சுருங்குகிறது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறு நீண்டது. அதில் ஒரு பகுதி நம் மதரஸாப் பாடங்களிலேயே இருக்கிறது. மறு பகுதி நமக்கு வெகு தூரத்தில் நடந்தது.

பஸரா நகரிலிருந்து தொடங்குவோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அது அரபியரும் பாரசீகரும் இன்னும் பல இனத்தவரும் நெருங்கி வாழ்ந்த நகரம். ஒரே சொல் பத்து விதமாகக் கேட்கும் நகரம் என்று சொல்லலாம். எழுத்தொலிகளைப் பற்றிய கூர்மையான சிந்தனை பாலைவனக் கூடாரங்களில் எழாமல் இங்கே எழுந்ததில் நமக்கு வியப்பில்லை. எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிற இடத்தில் ஒலியைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்?

அந்நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் (பிறப்பு கி.பி. 718 அளவில்) அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். அரபு மொழியின் முதல் அகராதியைத் திட்டமிட்டவரும் அவரே. அகராதியை அலிஃப், பே என்னும் வழக்கமான வரிசையில் அமைக்க அவருக்கு மனமில்லை. ஓர் அலிஃபை முன்னே வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் உயிரின்றி நிறுத்தி, 'அப்', 'அத்' என்று தமக்குத்தாமே சொல்லிப் பார்த்து, எது மிக ஆழத்தில் பிறக்கிறது என்று சோதித்தார். தொண்டையில் பிறக்கும் ஐன் என்னும் எழுத்தை முதலில் வைத்து, படிப்படியாக உதடுவரை வந்து வரிசையை அமைத்தார். ஆகவே அந்நூலுக்கு 'கிதாபுல் ஐன்' என்றே பெயர் வந்தது. சோதனைச் சாலை எதுவும் இல்லை. கருவி தம் வாயும் தம் செவியுமே.

அவருடைய மாணவர் ஸீபவைஹி பாரசீகர், ஷீராஸ் பக்கத்தவர். ஹதீஸ் பாடத்தில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லி ஆசிரியரால் திருத்தப்பட்டதே அவரை இலக்கணத்தின் பக்கம் திருப்பியது என்று சரித ஆசிரியர்கள் எழுதுவர். கி.பி. 796 அளவில், இளமையிலேயே காலமான இவர், 'அல்-கிதாப்' என்னும் பெருநூலின் இறுதியில் அரபு ஒலிகளை 16 பிறப்பிடங்களாகப் பகுத்தார். இலக்கண மாணவர்கள் அந்தப் பதினாறை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே இடத்தில் அவர் செய்த இன்னொன்று அதைவிட அரியது என்பது நம் கருத்து. அடிப்படை எழுத்துக்கள் 29 என்று சொன்ன பிறகு, நல்ல மொழியிலும் வழங்கும் திரிபொலிகள் சிலவற்றைச் சேர்க்கிறார். பிறகு, ஓதுதலிலும் கவிதையிலும் ஏற்கத் தகாத ஒலிகள் என்று வேறு சிலவற்றையும் பட்டியலிடுகிறார்: ஸீனைப் போல் ஒலிக்கும் ஸாத், மெல்லிய தாவைப் போல் ஒலிக்கும் கனத்த தா, வலுவிழந்த ளாத். மொத்தம் 42.

இந்தத் 'தகாத' ஒலிகள் யாருடையவை? பெரும்பாலும் வேற்றுமொழியைத் தாய்மொழியாகக் கொண்டு அரபு பேசிய மக்களுடையவை என்று கொள்ளலாம். நம் மதரஸாவில் நாள்தோறும் கேட்கும் பிழைகளையே பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அஜமியர், பிரம்பு எடுக்காமல், எழுதி வைத்திருக்கிறார். எழுதிவிட்டு, இவ்வொலிகளின் வேறுபாடு வாயோடு வாயாகக் கேட்டாலன்றி விளங்காது என்றும் குறிப்பிடுகிறார். இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒலிகளின் பிறப்பிடத்தை ஆராய்ந்தவர்கள் அரபியர் மட்டும் அல்லர். நம் தொல்காப்பியம் இதற்கெனப் பிறப்பியல் என்று ஓர் இயலையே வைத்திருக்கிறது. வடமொழியாளர்களும் இத்துறையில் மிக முந்தியவர்கள். பின்வந்த அரபு அறிஞர்களில் பக்தாதின் இப்னு ஜின்னீ (இறப்பு கி.பி. 1002) தொண்டையையும் வாயையும் புல்லாங்குழலுக்கு ஒப்பிட்டார்; துளைகளை விரல்கள் மாறி மாறி மூடுவதால் இசை மாறுவதுபோல எழுத்தொலி மாறுகிறது என்றார். இப்னு ஸீனா (980–1037) எழுத்துக்கள் தோன்றும் காரணங்களைப் பற்றி ஆறு அத்தியாயங்களில் ஒரு சிறுநூலே எழுதினார். காற்றின் அலைவே ஒலி என்று தொடங்கி, தொண்டை, நாக்கு ஆகியவற்றின் உடற்கூற்றை விவரித்து, அரபியில் இல்லாத பிறமொழி ஒலிகளையும் கூறி, இறுதியில் மனிதர் பேசாமலே இயற்கையின் அசைவுகளில் எழுத்தொலிகளைக் கேட்கலாம் என்று முடிக்கிறார். மருத்துவர் எழுதிய இலக்கணம் அது.

ஆயினும் இப்பெரியோர்கள் அனைவரும் ஆராய்ந்தது ஒலி புறப்படும் இடத்தை. அது போய்ச் சேரும் இடத்தை அல்ல. சேருமிடத்தைப் பற்றிய ஒரு பொறி இப்னுல் ஹைஸம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அது கண்ணைப் பற்றியது. எழுத்தறிந்தவன் 'அப்ஜத்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத்து எழுத்தாகக் கூட்டாமல் உடனே அறிந்துகொள்கிறான். முன்பே பழகியதை உள்ளம் எடுத்துக் கொடுக்கிறது என்று தம் ஒளியியல் நூலில் விளக்குகிறார். காண்பது கண் மட்டும் அன்று என்பது கருத்து. செவிக்கும் இது பொருந்துமா என்று பிறர் தொடர்ந்து ஆராயப் பல நூற்றாண்டுகள் சென்றன.

நிற்க. கி.பி. 1861-இல் பாரிஸ் நகருக்கு அருகே பிஸெத்ர மருத்துவமனையில் ஒரு நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக அவரால் 'தான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியவில்லை. பிறர் சொல்வதோ பெரும்பாலும் விளங்கிற்று. பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார். 1874-இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, அப்போது வயது 26, இதற்கு மறுதலையான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசினார்கள்; பேச்சில் பொருளில்லை; பிறர் பேச்சும் புரியவில்லை. காது கேட்டது. சிதைந்திருந்தது இடப்பக்கக் காதுக்கு உட்புறமாக அமைந்த மூளையின் பொட்டுப்பகுதி. கேட்பது வேறு, பேச்சாகக் கேட்பது வேறு என்பது அன்று வெளியாயிற்று.

அடுத்த பெரும் திருப்பம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்கள் புத்தகம் படிப்பதற்காக ஒரு கருவி செய்ய நியூயார்க்கின் ஹாஸ்கின்ஸ் ஆய்வுக்கூடம் முயன்றது. அச்செழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை என்று கருவி ஒலிக்கும். பழகப் பழகக் கேட்பவர் வேகமாகப் படிப்பார் என்பது திட்டம். நடக்கவில்லை. எவ்வளவு பழகினாலும் தந்தி ஓசையைக் கேட்பது போன்ற மந்த வேகத்துக்குமேல் செல்ல முடியவில்லை. நாமோ சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்து, பதினைந்து ஒலிகளை அனாயாசமாகக் கேட்கிறோம். இது எப்படி என்று ஆல்வின் லிபர்மனும் அவர் தோழர்களும் ஆராயத் தொடங்கினார்கள். ஒலியின் உருவத்தைப் படமாக வரைந்தால் அதைப் பேச்சாக ஒலிக்கும் கருவியொன்றைத் தோழர் ஃபிராங்க்ளின் கூப்பர் அமைத்தார்.

அவர்கள் கண்டது விந்தையானது. 'டி' என்னும்போதும் 'டு' என்னும்போதும் நாம் கேட்கும் முதல் மெய் ஒன்றே. ஆனால் படத்தில் ஒன்றில் கோடு மேலேறுகிறது, மற்றொன்றில் கீழிறங்குகிறது. காற்றில் இரண்டாக இருப்பது செவிக்குள் ஒன்றாகிவிடுகிறது. எழுத்துக்கள் மணிகளைப் போல் வரிசையாகக் கோக்கப்பட்டு வரவில்லை. ஒன்றோடொன்று குழைந்து வருகின்றன. பிரித்தெடுப்பது மூளையின் வேலை.

1957-இல் அவர்கள் இதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள். ஆங்கிலத்தின் மூன்று மெய்யொலிகளுக்கிடையே 14 சமமான படிகளை அமைத்துக் கேட்கச் செய்தபோது, கேட்டவர்களுக்குப் படிகள் கேட்கவில்லை. மூன்று அறைகளே கேட்டன. ஓர் அறைக்குள் உள்ள ஒலிகளின் வேறுபாடு காதில் ஏறவே இல்லை. சுவரைத் தாண்டிய அதே அளவு வேறுபாடோ பளிச்சென்று கேட்டது. உள்ளத்துக்குள் சுவர்கள் இருக்கின்றன. அந்தச் சிறுவனுடைய வீட்டில் இரண்டு காஃப்களுக்கும் இடையே சுவர் கட்டப்படவில்லை. அவ்வளவுதான்.

அச்சுவர்கள் மொழிக்கு மொழி வேறுபடும். 1964-இல் அதே கூடத்தைச் சேர்ந்த லிஸ்கரும் ஆப்ரம்ஸனும் வாய் திறக்கும் கணத்துக்கும் குரல்வளை அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பதினொரு மொழிகளில் அளந்தார்கள். ஆயிரத்தில் ஒரு நொடியை அலகாகக் கொண்ட கணக்கு அது. அந்தப் பதினொன்றில் நம் தமிழும் ஒன்று. இந்தியும் மராத்தியும் நான்கு வகையாகப் பகுக்கும் இடத்தில் தமிழ் இரண்டாகப் பகுப்பதை அந்த ஆய்வு பதிவு செய்தது.

சுவர்களைக் கட்டுவது யார்? பயிற்சிதான் கட்டுகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு 1971-இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பீட்டர் ஐமஸ் என்பவரும் தோழர்களும் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் சோதித்தார்கள். பேசத் தெரியாத பச்சிளங் குழந்தையிடம் எப்படிக் கேட்பது? கம்பி இணைத்த ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தைக்குச் சலிப்புத் தட்டும். சப்பும் வேகம் குறையும். புதிய ஒலி என்று அது உணர்ந்தால் வேகம் மீண்டும் ஏறும். ஆங்கிலத்தின் 'ப' ஒலிகள் இரண்டுக்கும் இடையேயுள்ள எல்லையைத் தாண்டியபோது ஒரு மாதக் குழந்தைக்கும் வேகம் ஏறிற்று. மனிதன் மட்டுமே பெற்ற தனிக்கொடை இது என்று சிலர் விரைந்து முடிவு கட்டினார்கள். 1975-இல் சின்சில்லா என்னும் கொறிவிலங்கைப் பழக்கிச் சோதித்தபோது அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் எல்லையிட்டது! எல்லை செவியின் அமைப்பிலேயே ஓரளவு இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும்தான் மனிதக் குழந்தையின் படிப்பு.

விட்டுவிடுவது எப்போது? இதற்கு விடை 1984-இல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்தது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டறியாத இரண்டு சோடி ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஒன்று இந்தியிலிருந்து: பல்லில் பிறக்கும் 'த'வும் நாவை மடித்துப் பிறக்கும் 'ட'வும். பட்டம், பத்தம் என்று நம் வீட்டுக் குழந்தை மயங்காமல் கேட்கும் இந்த வேற்றுமை ஆங்கிலேயருக்குக் கடலளவு கடினம். இன்னொரு சோடி, அப்பகுதியின் பழங்குடி மொழியொன்றிலிருந்து. அதைப் படித்தபோது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தொண்டையை அடைத்து வெடிக்கும் இரண்டு ககர ஒலிகள் அவை. ஒன்று அண்ணத்தில் பிறப்பது, மற்றொன்று அதற்கும் பின்னே உள்நாக்கருகில் பிறப்பது. நம் இரண்டு காஃப்களின் இருப்பிடங்களே!

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலோர் இரண்டு சோடிகளையும் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே அறிந்தார்கள். இந்தி பேசும் வீட்டிலும் அப்பழங்குடியினர் வீட்டிலும் வளர்ந்த குழந்தைகளோ, ஓராண்டு நிறையும் தறுவாயிலும் தத்தம் மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். முதற்சொல் பேசுமுன்பே குழந்தை தன் வீட்டு மொழிக்குத் தேவையற்ற வேற்றுமைகளை ஒதுக்கிவிடுகிறது. இது குறையன்று. தேவையானதைக் கூர்மையாகக் கேட்பதற்காகவே தேவையற்றதை விடுகிறது. நம்மிடம் எட்டு வயதில் வந்த சிறுவன் ஏழாண்டுகளுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டு வந்தவன்.

அப்படியாயின் கதவு அடைத்துவிட்டதா? இல்லை. வளர்ந்த ஆங்கிலேயருக்கும் அவ்வொலிகளை மிகக் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்துக் கேட்பித்தால் வேறுபாடு தெரிகிறது. இடைவெளியை நீட்டினால் மறைந்துவிடுகிறது. செவி கெடவில்லை. செவி கொண்டுவந்து கொடுப்பதை உள்ளம் தன் பழைய அறைகளில் போட்டு மூடிவிடுகிறது.

ஜப்பானியர் கதையும் இதையே சொல்லும். ஆங்கிலத்தின் 'ர', 'ல' இரண்டும் அவர்கள் செவிக்கு ஒன்று. 1971-இல் கோதோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர் கண்டது என்னவெனில், அவ்விரண்டையும் நாவால் சரியாக ஒலிக்கக் கற்றவர்களில் சிலர்கூட, கேட்கும்போது பிரித்தறிய இயலாதிருந்தார்கள். நாவு கற்றால் செவி தானே கற்றுவிடும் என்று நாமெல்லாம் நம்பியிருந்தோமே! 1991-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மாணவர்களுக்கு மூன்று வாரம் வெறுமனே கேட்கும் பயிற்சி அளித்தார்கள். இச்சொல்லா, அச்சொல்லா என்று தேர்ந்து சொல்ல வேண்டும். சரியா, தவறா என்று உடனே தெரிவிக்கப்படும். சொற்களைப் பேசியவர் ஒருவரல்லர், ஐவர். மாணவர்கள் முன்னேறினார்கள். ஒரே குரலில் பயின்றவர்களோ அந்தக் குரலுக்கு மட்டுமே பழகினார்கள். புதுக்குரல் கேட்டதும் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பது 1993-இல் தெரிந்தது. இருபது ஆண்டுகளாக ஒரே உஸ்தாதின் ஒரே குரல் கேட்கும் நம் வகுப்புகளை நினைத்துப் பார்த்தோம்.

இன்னொரு செய்தி, இக்காலப் பெற்றோர்கள் அறிய வேண்டியது. 2003-இல் ஸியாட்டில் நகரில் பட்ரீஷியா குல் அவர்களும் தோழர்களும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பேசி விளையாடிய குழந்தைகள், சீன ஒலிகளைத் தைவான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தன. அவர்களையே அதே நேர அளவு படத்தில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. குரலை மட்டும் கேட்டவையும் கற்கவில்லை. ஸீபவைஹி அவர்களின் குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். குழந்தை அழாமலிருக்கக் கைப்பேசியில் ஓதலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "கேட்டுக் கேட்டே வந்துவிடும்" என்று நம்மிடம் சொல்லும் தாய்மார்கள் பலர். வளர்ந்தவர்களுக்குப் பதிவொலி பயன்படலாம். இந்தியானாவில் பயன்பட்டதும் அதுவே. மடிக்குழந்தை மனித முகத்தை நாடுகிறது.

மூளைக்குள் இவை எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு 2014-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து ஒரு விடை கிடைத்தது. வலிப்பு நோய் அறுவைக்காக மூளையின்மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த ஆறு நோயாளிகளுக்கு ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கச் செய்து, எடி சாங் என்னும் மருத்துவர் குழுவினர் பொட்டுப்பகுதியின் மேல்மடிப்பைக் கவனித்தார்கள். எழுத்துக்கு ஓர் இடம் என்று மூளை ஒதுக்கியிருக்கவில்லை. காற்று அடைபட்டு வெடிக்கும் ஒலிகளுக்கெல்லாம் ஓரிடம் விழித்தது, உரசிச் செல்லும் ஒலிகளுக்கெல்லாம் வேறோரிடம், மூக்கொலிகளுக்கு மற்றோரிடம். தஜ்வீது படித்தவர்கள் இதைக் கேட்டதும் புன்னகை புரிவார்கள். ஷித்தத்து, ரகாவத்து என்று ஸிஃபாத்துப் பாடத்தில் நாம் வகுப்பது இந்த அடைப்பையும் உரசலையுமே. 'எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று மார்தட்டச் சிலருக்கு இது போதும். நமக்கு அதில் உடன்பாடில்லை. முன்னோர்கள் மூளையைப் பற்றிப் பேசவில்லை. தம் வாயை உற்றுக் கவனித்தார்கள். வாயின் அமைப்பே ஒலியை வகைப்படுத்துகிறது. மூளை அந்த வகையைப் பின்பற்றுகிறது. ஆகவே இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சிறுவர் இப்போது முப்பது வயதைத் தாண்டியவர்; கடைவீதியில் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு தம் மகளைச் சேர்க்க வந்தபோது, பிரம்பு எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சப்பட்டார். "எனக்கு இன்னும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது ஹஜ்ரத்" என்றார். பிறகு இஷாத் தொழுகை முடிந்து நாள்தோறும் கால்மணி நேரம் வந்தார். மதரஸாவின் மாணவர்கள் மூவரையும் பக்கத்து ஊர் இமாமையும் நம்மோடு சேர்த்துக்கொண்டோம். அவரை ஓதச் சொல்லவில்லை. நாங்கள் ஐவரும் மாறி மாறி இரண்டு காஃப்களையும் அடுத்தடுத்துச் சொல்லுவோம். அவர் இதயமா, நாயா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வாரம் காசு சுண்டிப் பார்த்ததற்கும் அவர் விடைக்கும் வேறுபாடில்லை. மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, இருபதில் பதினேழு சரியாகச் சொன்னார். மீதி மூன்றும் நாம் ஓதியவை. 'இதயம்' என்று நாம் ஓதியதை அவர் 'நாய்' என்கிறார். மறுபடியும் ஓதினோம், தலையசைத்தார். "இல்லே ஹஜ்ரத், நாய்தான் சொல்றீங்க" என்றார். நம்மோடு அமர்ந்திருந்த இமாமைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.